அடுத்த பந்தி

ஜெயக்கொடியை நான் முதன்முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில் இல்லை, கல்யாணப் பந்தியில். அனந்தபுரத்தில் ஒரு மண்டபத்தில் முகூர்த்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் படுத்துக்கொண்டது. செஞ்சியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் சாந்த் பாஷாவைக் கூப்பிடுங்கள் என்று யாரோ சொல்ல, கடையில் சிவனே என்று உட்கார்ந்திருந்த என்னை பைக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். வேலை முடிந்ததும் பெண்ணின் தகப்பனார், "சாப்ட்டுட்டுப் போங்க பாய்" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். ஒரு பேச்சுக்குச் சொன்னதை நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டு, கிரீஸ் கையைக் கழுவிவிட்டு வரிசையின் கடைசி இலையில் போய் உட்கார்ந்தேன்.

வடை கொண்டுவந்த ஆள் எனக்கு முந்தின இலையோடு தட்டைக் கவிழ்த்துக்கொண்டு திரும்பிவிட்டான். அப்போதுதான் சாம்பார் வாளியோடு நின்றிருந்த ஒருத்தி, மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"கடைசி எலைக்கு வடை எங்கடா? மாப்ள வூட்டு மாமாவுக்கு ரெண்டாவது வடை வெக்கத் தெரிஞ்சுதுல்ல, இந்த எலை இன்னா உன் கண்ணுக்குத் தெரியலியா?"

வடை வந்தது. சூடாகவே வந்தது. அவள் என் பக்கம் வந்து சாம்பாரை ஊற்றிவிட்டு, "நம்ம பரிமாறுற எடத்துல பந்தி வஞ்சனை கெடையாது பாய், நல்லா சாப்புடு" என்றாள். ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்களில் ஒரு இலைக்கு ஒன்று, இன்னொரு இலைக்கு வேறொன்று என்று வைப்பதுதான் பந்தி வஞ்சனை. சமையல் மாஸ்டர் ராஜாங்கத்தின் ஆட்களில் இவளுக்குத்தான் அந்த விஷயத்தில் எல்லோரும் பயப்படுவார்களாம். நான் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும்போது பார்த்தேன். கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெறும் சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வடை இல்லை, பாயசம் இல்லை. ஊருக்கெல்லாம் நியாயம் கேட்கிறாயே, உன் வடை எங்கே என்று கேட்டேன்.

"பரிமாறுறவளுக்கு எப்பவும் அடுத்த பந்திதான் பாய்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் மறந்துதான் போனேன். நடுவில் எத்தனையோ மோட்டார்கள் எரிந்தன, எத்தனையோ பேர் பாக்கி சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு என் வீட்டில் இடி விழுந்தது.

என் மனைவி மெஹர் பானு, சண்டையில் என்னை ஜெயிக்கக்கூடிய ஒரே ஆள். அவள் சண்டை போடாமல் சும்மா இருக்க ஆரம்பித்ததும்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. இடது பக்க வயிறு கல் வைத்த மாதிரி கனக்கிறது என்றாள். கேஸ் என்று ஓம வாட்டர் வாங்கிக் கொடுத்தேன். செஞ்சியில் ரத்தம் எடுத்த லேப்காரர் மறுபடியும் ஒரு முறை எடுக்க வேண்டும் என்று கூப்பிட்டார். மெஷின் ரிப்பேர் போல என்று நினைத்தேன். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளை அணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டிய இடத்தில் லட்சக்கணக்கில் இருந்தன.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே சிவசங்கர் என்று ஒரு டாக்டர், என்னைவிட வயதில் சின்னவர், பொறுமையாகச் சொன்னார். ரத்தம் ஊறுகிற இடத்தில் இரண்டு சின்னத் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டுவிட்டனவாம். அந்தத் தப்பான ஒட்டு, நிறுத்தாமல் வெள்ளை அணுக்களை உற்பத்தி செய்துகொண்டே இருக்குமாம். நாள்பட்ட வகை ரத்தப் புற்றுநோய் என்றார். மெஹர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. ஆரம்பத்துலயே பிடிச்சுட்டோம். கண்ட இடத்தையும் தாக்காம அந்த ஒட்டை மட்டும் தேடிப் போய் அடைக்கிற மாத்திரை இருக்கு. விடாம போட்டா நிறைய பேர் நல்லா இருக்காங்க" என்றார் டாக்டர்.

வராந்தாவுக்கு வந்தால் பெஞ்சில் ஜெயக்கொடி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவள் புருஷன் தனகோட்டி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு. ஆளே பாதியாக இருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கடைசி எலை பாய்தான நீ?" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர்.

அவளுக்கும் அதே நோய். இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை, அண்டா அண்டாவாக ஆக்கிப் போடுகிறவளுக்குச் சாப்பிட முடியவில்லை என்று உள்ளூர் டாக்டரிடம் போனவளை இங்கே அனுப்பியிருந்தார்கள். மெஹர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "அழுவாதடி. ரெண்டு பேரா வந்து மாட்டிக்கிட்டோம், பஸ்ஸுக்காவது துணையாச்சு" என்று அவள் மெஹரின் முதுகைத் தடவினாள்.

அந்த ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. புதிதாக இந்த நோய் கண்டவர்களில் சிலருக்குப் பழைய மாத்திரை, சிலருக்குப் புது மாத்திரை. எது நன்றாகக் கேட்கிறது என்று பார்ப்பார்கள். சேர்வதும் சேராததும் எங்கள் இஷ்டம். ஷோபனா என்கிற நர்ஸ் எங்கள் நான்கு பேரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, எல்லா விவரத்தையும் தமிழில் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். நல்ல பெண். குறை சொல்ல முடியாது. ஆனால் தலைக்கு மேலே ஒரு ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. பேரிங் போயிருந்தது. என் காது முழுக்க அதிலேயே இருந்தது. மெஹர் வீட்டில் விட்டுவந்த மிஸ்பாவை நினைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் மகளுக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு. தனகோட்டி வேட்டி நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயக்கொடி ஒருத்திதான் நர்ஸின் முகத்தைப் பார்த்தாள். அவளும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது.

"சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றாள் ஷோபனா.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதானம்மா?"

"இல்லக்கா. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் எடுத்துக் குடுக்கும். டாக்டர்கூட மாத்த முடியாது."

"ஒரே வரிசைல உக்காந்துனு இருக்கோம். எனக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணா? அந்தக் கம்ப்யூட்டரு எந்த ஊருல பந்தி பரிமாறுச்சு?"

ஷோபனா சிரித்துவிட்டாள். டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எது மேலானதுன்னு எங்களுக்கே இன்னும் முழுசா தெரியாதும்மா. தெரிஞ்சா எல்லாருக்கும் அதையே குடுத்துருப்போம். தெரிஞ்சுக்கத்தான் இதைப் பண்றோம்" என்றார். தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இரண்டு பேரும் சேர்ந்தார்கள்.

கம்ப்யூட்டர் ஜெயக்கொடிக்குப் புதிய மாத்திரையைக் கொடுத்தது. சின்னதாக, வெள்ளையாக, வெறும் வயிற்றில் போடுவது. மெஹருக்குப் பழையது. காவி நிறத்தில் தடியாக இருக்கும், சாப்பிட்டதும் போட வேண்டும்.

மாதம் ஒரு முறை இரண்டு பேரும் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சந்தித்துத் திண்டிவனம் வழியாகப் போகிற புதுச்சேரி பஸ்ஸில் ஏறுவார்கள். ஜெயக்கொடி அவித்த வேர்க்கடலை, அவள் பாஷையில் மல்லாட்டை, கொண்டுவருவாள், மெஹர் தேங்காய்ப்பால் சோறு கட்டிக்கொண்டு போவாள். எனக்குக் கடையை விட முடியாது, பஸ் ஏற்றிவிட்டு வருவேன். "இன்னா கடைசி எலை, பொண்டாட்டிய எங்கூட அனுப்ப தைரியம் இருக்குதா? அப்படியே பாண்டியில சினிமா பாத்துட்டு நாளைக்குத்தான் வருவோம்" என்று ஜன்னலில் தலையை நீட்டிக் கத்துவாள். பஸ்ஸே சிரிக்கும். நோயாளிகள் என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவது மாதம் முதல் பெரிய பரிசோதனை வந்தது. ரத்தத்தில் அந்தக் கெட்ட ஒட்டு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் பரிசோதனை. ஜெயக்கொடிக்கு மளமளவென்று இறங்கியிருந்தது. மெஹருக்கு இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை. மெதுவாக இருக்கிறது, அடுத்த பரிசோதனை வரைக்கும் பார்ப்போம் என்றார் டாக்டர். பார்ப்போம் என்கிற சொல் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மெஹருக்குக் கண்ணுக்குக் கீழே வேறு வீங்கியிருந்தது. அன்று இரவு அவள் மிஸ்பாவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள், நான் எரிந்த மோட்டாரைத் திட்டுகிற மாதிரி காவி மாத்திரையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு பஸ்ஸில் நடந்தது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அமாவாசை. மேல்மலையனூர் போகிற கூட்டம் திண்டிவனத்தில் அடைத்துக்கொண்டு ஏறியிருக்கிறது. அந்த நெரிசலில் ஜெயக்கொடி தன் மடியிலிருந்த மாத்திரைப் புட்டியை எடுத்து மெஹரின் மடியில் வைத்திருக்கிறாள்.

"மாத்திக்கலாம்டி. உன்னுத எனக்குக் குடு."

"ஐயோ, டாக்டருக்குத் தெரிஞ்சா?"

"எப்பிடித் தெரியும்? மாத்திரை எண்ணிக்கை சரியா இருந்தா முடிஞ்சுது. எனக்குத்தான் எறங்கிடுச்சே. அடுத்த டெஸ்ட்டு வரைக்கும் நீ இதப் போடு. அப்புறம் நானு. மொதப் பந்தி நீ, அடுத்த பந்தி நானு. உம்பொண்ணு சின்னப் புள்ளடி. எம்மவளக் கட்டிக் குடுத்தாச்சு."

மெஹர் வேண்டாம் என்றுதான் சொன்னாளாம். எத்தனை முறை சொன்னாள், எவ்வளவு அழுத்திச் சொன்னாள் என்று நான் கேட்டதில்லை. சாகப் பயப்படுகிற ஒருத்தியிடம் அதைக் கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. செஞ்சி வருவதற்குள் புட்டிகள் மடி மாறிவிட்டன.

வீட்டில் வெள்ளை மாத்திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "அதே மருந்துதாங்க, கலர மாத்திட்டாங்க" என்றாள். சோப்புக் கம்பெனிக்காரன் மாற்றுவதில்லையா, நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகு மெஹர் மெஹர் ஆனாள். வீக்கம் வடிந்தது. என்னோடு சண்டை போட்டாள். நான் கடையில் எல்லோரிடமும் மருந்து கேட்க ஆரம்பித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆறாவது மாதப் பரிசோதனையில் அவளுக்கு நன்றாக இறங்கியிருந்தது. ஜெயக்கொடிக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று டாக்டர் இரண்டு முறை கேட்டிருக்கிறார். "வேளா வேளைக்குப் போடுறேன் சார்" என்று ஜெயக்கொடி சொல்லியிருக்கிறாள். மெஹர் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள்.

திரும்பி வரும்போது மெஹர் அன்று வாங்கிய காவி மாத்திரைப் புட்டியை எடுத்து நீட்டாமல், "இனிமே உங்க முறைக்கா" என்று சொல்லியிருக்கிறாள். சொல்லத்தான் செய்தாள். ஜெயக்கொடி கேட்கவில்லை.

"இப்பதான் உனக்கு எறங்குது. சாப்ட்டுனு இருக்கிறவள நடுவுல எழுப்புவாங்களா எங்கியாவது? எனக்குக் கொஞ்சந்தான் ஏறிக்குது, அது எறங்கிடும். இன்னொரு பந்தி உக்காரு."

அடுத்த மாதம் மெஹர் அதைச் சொல்லவில்லை. அதற்கடுத்த மாதமும் சொல்லவில்லை.

ஒன்பதாவது மாதம் ஜெயக்கொடிக்குக் கணக்கு எங்கேயோ போயிருந்தது. புது மருந்து உங்களுக்குக் கேட்கவில்லை, நோய் அதை எதிர்த்து நிற்கிறது, ஏன் என்று தெரியவில்லை, வேறு மருந்து பார்க்க வேண்டும் என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். அன்று சாயங்காலம் மெஹர் வீட்டுக்குக்கூடப் போகாமல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே என் கடைக்கு வந்தாள். காயில் சுற்றுகிற மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அவங்க புது மருந்தே சாப்புடல. அத நான் சாப்புடறேங்க" என்றாள்.

முழுவதும் சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தேன். கடைக்கு வெளியே ஆள் கூடுகிற அளவுக்குக் கத்தினேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியாது. இவளை, ஜெயக்கொடியை, கம்ப்யூட்டரை, எல்லோரையும். மெஹர் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் என்னை நிறுத்தியது.

அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு அனந்தபுரம் போனேன். ஜெயக்கொடி வீட்டு வாசலில் மறுநாள் விசேஷத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு இருந்தது. என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"சொல்லிட்டாளா?"

"யக்கா, உனக்கு அறிவு இருக்குதா? மருந்த மாத்தித் தின்ன அது இன்னா கொழம்பா?"

"கத்தாத பாய், எங்கூட்டுக்காரருக்குத் தெரியாது." கத்தியைக் கீழே வைத்தாள். "அந்தக் காவி மாத்திரை எனக்கு அடுப்படி வேக்காட்டுல நிக்க மாட்டேங்குது. போட்ட ஒடனே வாந்தி. விசேஷத்துக்குப் போற அன்னைக்கு வாந்தி எடுத்துனு பரிமாற முடியுமா? அன்னைக்கு மட்டும் வுட்டுடுவேன்."

"அன்னைக்கு மட்டும்னா? தை மாசம் பூரா உனக்கு விசேஷந்தான!"

அவள் வெங்காயத் தோலைக் கூட்டி ஓரமாகத் தள்ளினாள்.

"நாளைக்கே போய் டாக்டருகிட்ட சொல்லப் போறோம்" என்றேன்.

சட்டென்று எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெங்காய வாசனை. "வேணாம் பாய். ரெண்டு பேரையும் வெளிய தள்ளிடுவாங்க. மெகருக்கு மருந்து நின்னுபூடும். இவ்வளவு நாளு நான் தாங்குனது வீணாப் பூடும். அவளாவது சாப்ட்டு முடிக்கட்டும்."

கையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் நானும் மெஹரும் புதுச்சேரி போனோம். மெஹர்தான் பேசினாள். நான் கதவோரம் நின்றேன், கத்துவதற்குத் தயாராக. வெளியே போங்கள் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் அந்த மேஜையையே கவிழ்ப்பதாக இருந்தேன்.

டாக்டர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பக்கத்தில் நின்ற ஷோபனா அழுதேவிட்டாள்.

"ஏம்மா மாத்துனீங்க?" என்றார்.

"எனக்குக் கேக்கலன்னு..."

"மூணாவது மாசம் மெதுவா இறங்கினா ஆறாவது மாசம் வரைக்கும் பார்ப்போம். அப்பவும் இறங்கலன்னா புது மருந்துக்கு நாங்களே மாத்திடுவோம். அன்னைக்கே படிச்சுக் காட்டினோமேம்மா. நீங்க ஆராய்ச்சிய விட்டுப் போனாலும் வைத்தியம் நிக்காதுன்னும் சொன்னோமே."

எனக்கு அந்த ஃபேன் சத்தம் கேட்டது. அந்த அறையில் ஃபேன் இல்லை, ஏ.சி.தான் ஓடியது. ஆனாலும் எனக்குக் கேட்டது. கடகடவென்று அது சுற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் நிறுத்தி நிறுத்திப் படித்தது இதைத்தான். கொஞ்சம் பொறுத்திருந்தால், அந்த வெள்ளை மாத்திரையை மெஹருக்கு அவர்களே கொடுத்திருப்பார்கள். ஜெயக்கொடியின் இலையிலிருந்து எடுத்திருக்கவே வேண்டாம்.

"அப்ப அக்காவுக்கு இப்படி ஆனது என்னாலதானே சார்?" என்று மெஹர் கேட்டாள்.

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஒழுங்கா போட்டவங்கள்லயும் ஒண்ணு ரெண்டு பேருக்கு இப்படித் திரும்பும். அவங்க போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது." அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "முதல்ல அவங்கள உடனே வரச் சொல்லுங்க. அவங்க மருந்த அவங்களுக்கே குடுத்துப் பார்ப்போம்."

உடனே வரச் சொல்ல போன் போட்டோம். எடுக்கவில்லை. பனமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அங்கே பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே காய்ச்சலில் வாளியோடு விழுந்துவிட்டாள் என்று ராஜாங்கம் மாஸ்டர்தான் பிறகு சொன்னார். சாம்பார் சிந்திவிட்டதா என்றுதான் கண் விழித்ததும் கேட்டாளாம். புதுச்சேரிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது நோய் வேறு உருவம் எடுத்திருந்தது. நாள்பட்ட நோய் நாளே கொடுக்காத நோயாகத் திரும்பிவிட்டது. வெள்ளை மாத்திரையைக் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய மருந்துகளும் ஏற்றினார்கள். எதுவும் கேட்கவில்லை.

மெஹர் தினமும் போனாள். மிஸ்பாவை நான் பார்த்துக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்துவிட்டு நானும் போனேன். கட்டிலில் ஜெயக்கொடி ஒரு சின்னப் பிள்ளை மாதிரி கிடந்தாள். தலையில் முடி இல்லை. ஈறில் ரத்தம் கசிந்து உதடு கறுத்திருந்தது. தனகோட்டி சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தார். நான் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"இன்னா கடைசி எலை, அழுவுற? நான் இன்னும் பந்திய முடிக்கல" என்றாள். குரல் காற்றாக வந்தது. பிறகு மெஹரைப் பார்த்தாள். "சாப்டியாடி?"

"சாப்ட்டேங்க்கா."

"மாத்திரை?"

"போட்டேன்."

"உனக்கு எவ்ளோ எறங்கிக்குது?"

"கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு எறங்கிடுச்சுன்னு சொன்னாங்க."

ஜெயக்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். மூடின கண்ணோடேயே கேட்டாள்.

"டாக்டரு இன்னா சொன்னாரு? மாத்துனதுக்கு ரொம்பத் திட்டுனாரா?"

"இல்லக்கா."

"நான் குடுத்ததாலதான நீ பொழச்ச?"

நான் மெஹரைப் பார்த்தேன். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடலாம், அப்படிப்பட்ட முகம் அவளுடையது. ஒரு நாளும் என்னிடம் உருப்படியாக ஒரு பொய் சொன்னதில்லை, அந்தக் கலர் மாத்திரைப் பொய்யைத் தவிர. அவள் குனிந்து ஜெயக்கொடியின் நெற்றியில் கையை வைத்தாள்.

"ஆமாக்கா. நீங்க குடுத்ததாலதான். இல்லன்னா நான் எப்பவோ போயிருப்பேன்."

"அது போதும்" என்றாள் ஜெயக்கொடி. கறுத்த உதட்டில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது, குத்துக்காலிட்டு ரசம் சோறு சாப்பிட்டபோது சிரித்த அதே சிரிப்பு. அதற்குப் பிறகு அவள் எங்களோடு பேசவில்லை. இரண்டு நாளில் முடிந்துவிட்டது.

கருமாதிக்கு ராஜாங்கம் மாஸ்டரும் அவர் ஆட்களும் தாங்களாகவே வந்து சமைத்தார்கள். அனந்தபுரத்தில் அவள் வீட்டுத் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தது. நானும் மெஹரும் ஓரமாக நின்றோம். முதல் பந்தி எழுந்தது. இலைகளை எடுத்து, மேஜையைத் துடைத்து, புது இலை விரித்துக்கொண்டே மாஸ்டர் பழக்கத்தில் குரல் கொடுத்தார்.

"அடுத்த பந்தி! வாங்க, வாங்க, வந்து உக்காருங்க!"

மெஹர் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு போய் உட்காரவைத்தேன். எங்கள் வரிசையில் எல்லா இலைக்கும் ஒரே மாதிரி வடை விழுந்தது. ஒரு இலையும் விட்டுப்போகவில்லை.

தனகோட்டி ஒவ்வோர் இலையாக விசாரித்துக்கொண்டு வந்தார். மொட்டைத் தலை, புது வேட்டி. மெஹருக்கு முன்னால் வந்ததும் நின்றார். ஜெயக்கொடி கடைசி நாட்களில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்று அவர் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும், அடிக்கட்டும், இன்று நான் வாயைத் திறக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கையைக் கூப்பினார்.

"அவ சொன்னாம்மா. நீ நல்லா இருக்கணும். அவ உசுரு சும்மா போவல, ஒன்னப் பொழைக்க வெச்சிட்டுத்தான் போயிருக்கா. அத நெனச்சுத்தான் நான் ராத்திரியில கண்ண மூடுறேன். நெசந்தானம்மா அது?"

மெஹர் இலையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நெசந்தாண்ணே" என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார். மெஹர் சோற்றைப் பிசைந்தாள். சாப்பிடு என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணீர் இலையில் விழ விழ, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் அவள் சாப்பிட்டு முடித்தாள்.